பாப்போம் என்று சொன்னவர்கள்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்ற என் அப்பா அமிர்தராஜ்; அம்மா சவுந்தரம்; அக்கா பியூலா; கோயம்புத்தூர் பீட்ஸா கம்பெனியிலிருந்து வந்திருந்த நிரஞ்சன்; பிறகு நான். மதுரையிலிருந்து நிரஞ்சனின் காரில் வந்த பீட்ஸா ஒன்று அட்டைப் பெட்டிக்குள் ஆறிப்போய் மேஜையின் நடுவில் இருந்தது. பியூலாவைத் தவிர எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவள் முன்ரூமில் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மிஷின் விட்டுவிட்டு ஓடியது. அது நிற்கும்போதெல்லாம் அவள் எங்கள் பேச்சைக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச்சுக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையை அப்பா இன்னும் கழற்றவில்லை. அம்மா கண்ணை மூடி பீட்ஸாவுக்கு ஜெபம் செய்தாள். நிரஞ்சன் பாதி எடுத்த துண்டை மரியாதையாகப் பெட்டியிலேயே வைத்துவிட்டுக் காத்திருந்தான். ஆமென் சொன்ன பிறகு அம்மா ஒரு துண்டைக் கடித்து, இழுத்து, பல்லில் மாட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயை மறைத்தபடி எழுந்து போனாள். திரும்பி வந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தோசைக்கல்லில் போட்டுச் சூடு பண்ணும் வாசம் வந்தது. நல்லெண்ணெய் விட்டிருந்தாள்.

ஆறிப்போன பீட்ஸாவைப் பற்றி எனக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும் என்றும் சொல்லலாம். சென்னையில் ஒரு கால்சென்டரில் இரவு வேலை பார்த்தேன். அமெரிக்காவில் யாருக்காவது பீட்ஸா ஆறிப்போய் வந்தால், வராமலே போனால், பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டால், போன் எனக்கு வரும். மகளின் பிறந்தநாளுக்குச் சொன்னது வரவில்லை என்று ஒரு ஆள் அழுததைக் கேட்டிருக்கிறேன். ஏச்சு நிறையக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் ஷிப்ட் நடுவில் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். காரணம் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஊருக்கு வந்துவிட்டேன், என் தூக்கம் வரவில்லை. அது இன்னும் அந்த ஷிப்டிலேயே இருக்கிறது. பகலில்தான் கண் சொக்குகிறது. அருப்புக்கோட்டையில் பகலில் தூங்குகிற ஆம்பளையைப் பற்றி அவனிடம் கேட்க மாட்டார்கள். அவன் அப்பாவிடம் கேட்பார்கள். "தம்பி இப்ப என்ன செய்யுது சார்?" சர்ச் வாசலில், ரேஷன் கடையில், பஸ்ஸில். அந்தக் கேள்விக்குப் பதிலாக அப்பா கண்டுபிடித்ததுதான் இந்த பீட்ஸாக் கடை. "அவன் அந்த லைன்லயே இருந்தவன்ல" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அந்தக் கால்சென்டர் வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வேண்டாம் என்றால் போன் செய்தவர்கள் வேண்டாம் என்று சொன்னார்கள். இலவசமாக இன்னொன்று அனுப்பட்டுமா என்று கேட்டால் "நோ" என்பார்கள். அதோடு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் எதுவும் சுற்றி வராது. அதனாலேயே எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் பாடம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்காதே என்பது. நிரஞ்சனும் அதே பாடத்தைப் படித்தவன். முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

"பசங்க இப்பெல்லாம் வீட்டுச் சாப்பாடே சாப்பிடறதில்லீங்களே சார்?"

"ஆமா."

"மதுரை வரைக்கும் போயிச் சாப்பிட்டுட்டு வர்றாங்கல்லங்க?"

"போறாங்க."

"அந்தப் பணம் நம்மூர்லயே நின்னா நல்லதுதானுங்களே?"

"நல்லதுதான்" என்றார் அப்பா. இப்படி வரிசையாகத் தலையாட்டிக்கொண்டே போனால் கடைசிக் கேள்விக்கும் தலை தானாக ஆடும். நானே எத்தனையோ பேரை ஆட்ட வைத்திருக்கிறேன்.

அவன் லேப்டாப்பைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினான். எங்கள் வீட்டை நடுவில் வைத்து ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் கண்மாய் நீலமாக இருந்தது. அதை அவன் லேக் என்றான். கண்மாய்க்குள் இப்போது சீமைக்கருவேலம்தான் நிற்கிறது, அதை வெட்டிக் கரி மூட்டம் போடுகிறார்கள், பீட்ஸா கேட்கிற ஆள் அங்கே யாரும் இல்லை என்று சொன்னேன். அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. வேலை தெரிந்தவனின் சிரிப்பு. இரண்டு விரலால் வட்டத்தை இழுத்துப் பெரிதாக்கினான். எம்.ரெட்டியபட்டி உள்ளே வந்தது. பருத்தி எடுக்கப் போன பெண்கள் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வீடு திரும்புகிற சாயங்காலத்தை அவன் பீக் ஹவர் என்று சொன்னான். இன்னும் இழுத்ததில் வீரசோழனும் வந்தது. வளைகுடாப் பணம் புழங்குகிற ஊர் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு தூரம் பைக்கில் கொண்டுபோனால் இப்போது தோசைக்கல்லில் கிடப்பது வந்ததுபோல ஆறிப்போய்த்தான் சேரும் என்றேன். "ஏலே, பேசட்டும்" என்றார் அப்பா.

அப்பாவை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சொல்கிறேன்தான், ஆனால் அது முழுதாக நியாயமில்லை என்றும் எனக்குத் தெரியும். வேலையில் இருந்தவரை இந்த ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் போக அவருக்கு உரிமை இருந்தது. தறி வீடு, பஞ்சுக் குடோன், ஜவுளிக்கடை, வக்கீல் வீடு, எங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மீட்டர் இருக்கும் இடத்துக்குப் போவார். ஓய்வு பெற்ற மறுநாள் அந்தத் தெருக்களெல்லாம் அவருக்கு மூடிவிட்டன. காலையில் குளித்து, சட்டையை மாட்டி, பையில் பேனாவைச் சொருகிக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் நிற்பார். கம்பெனிக்காரர்கள் "நீங்களே லோக்கல்ல ஒரு சர்வே எடுங்க சார்" என்று போனில் சொன்னபோது அவருக்குத் தெருக்கள் திரும்பக் கிடைத்தன. அவர் போனில் அதற்கான ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். உங்கள் ஊரில் பீட்ஸாக் கடை வந்தால் வாங்குவீர்களா என்று ஒரே கேள்வி. கீழே பச்சையில் ஆம், சிவப்பில் இல்லை. மூன்றாவதாக எதுவும் இல்லை.

ஒரு நாள் அவரோடு நானும் போனேன். தங்கலட்சுமி அம்மாள் வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் "கரண்டு சார் வந்திருக்காக, நிப்பாட்டு" என்று மருமகளிடம் கையைக் காட்டி தறியையே நிறுத்தச் சொன்னார். எங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கி வரச் செய்தார். எனக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்டார். அப்பா பீட்ஸாவை விளக்கினார். அது இனிப்பா, உப்பா என்று அந்த அம்மாள் கேட்டார். கடைசியில் "பாப்போம் சார். நீங்க கடை போட்டு நாங்க வராம இருப்பமா" என்றார். மருமகள் தறிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அப்பா பச்சையை அழுத்தினார்.

அடுத்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இனாயத்துல்லா பாயின் ஜவுளிக்கடை. அவர் வீரசோழன்காரர். மகன் அஃப்ரீத் குவைத்தில் இருக்கிறான், அவன் அங்கே இதைத்தான் தின்கிறான், வீடியோ காலில் காட்டுவான் என்றார். "நல்ல விசயம் சார். இன்ஷா அல்லா, தொறங்க, பாப்போம்." அப்பா பச்சையை அழுத்திவிட்டுப் பழக்கத்தில் மீட்டரைப் பார்க்கப் போனார். பாய் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "தம்பி, இந்த ஊருக்கு எண்ணெய் புரோட்டாவே போதும். அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க." சர்ச்சில் சுகந்தி அக்கா வேறு மாதிரி சொன்னார்: "ஜெபத்துல வச்சுப் பாக்கோம் பிரதர்." அதற்கும் பச்சைதான்.

திரும்பி வரும்போது நான் சொன்னேன். பாப்போம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். பெண் பார்க்க வந்தவன் பாப்போம் என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்த நாள் வேறு மாப்பிள்ளை தேடுவார்கள். கைமாற்று கேட்டவனிடம் பாப்போம் என்றால் அவன் வேறு வீட்டுக்கு நடப்பான். முகத்தை முறிக்காமல் கதவைச் சாத்துகிற சொல் அது. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அவுக வேணாம்னு சொல்லலையே. சொல்லாதத நான் எப்படிடா போடுவேன்? மீட்டர்ல என்ன ஓடுதோ அதத்தான எழுத முடியும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் பாப்போம் என்று சொல்லும்படி ஆனதே இல்லை. வீட்டுக்குள் வந்து மீட்டரைப் பார்க்கிற மனிதரிடம் யாரும் எதையும் மறுத்ததில்லை. அந்தச் சொல் அவருக்குப் புதிது. அதன் நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்.

இப்போது நிரஞ்சன் அந்த சர்வே முடிவை லேப்டாப்பில் ஒரு பச்சை வளையமாகக் காட்டிக்கொண்டிருந்தான். அதில் சிவப்பு ஒரு கீற்றுகூட இல்லை. "சவுத்துல எந்த ஊர்லயும் இப்படி வந்ததில்லீங்க. கோயமுத்தூர்லயே பாதிக்குப் பாதி வேண்டாம்னாங்க." அப்பா பனியனைச் சரிசெய்வதுபோலச் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

நான் நிரஞ்சனிடம் விளக்கினேன். அது பச்சை இல்லை, எல்லாம் பாப்போம் என்று சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு "பாக்கலாம்னு சொல்றவங்கதானுங்க நம்ம கஸ்டமரு. கதவத் தொறந்தே வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்றான். அவனுக்குத் தெரியும். அவனும் தமிழ்ப் பேச்சுக்குள் பிறந்து வளர்ந்தவன்தான். தெரிந்தும் சொல்கிறான் என்பதில்தான் எனக்கு ஆத்திரம். தெரியாதவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா தோசைக்கல் பீட்ஸாவை எவர்சில்வர் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அடிப்பக்கம் கருகி, மேலே சீஸ் உருகி எண்ணெய் மிதந்தது. உண்மையைச் சொன்னால் அது முன்பைவிட நன்றாக இருந்தது. நிரஞ்சன்கூட இரண்டு துண்டு சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே, அப்பாவின் ஓய்வுப் பணத்தில் எவ்வளவு இப்போதே கட்டலாம், மீதிக்குக் கம்பெனியே லோனு ஏற்பாடு செய்யும் என்று பேச்சை நகர்த்தினான். தம்பி அனுபவசாலி, கவுண்டரில் தம்பி உட்கார்ந்தால் போதும் என்றான்.

"எனக்கு வேணாம்பா" என்றேன். "நான் அந்தக் கடையில உக்கார மாட்டேன். வேண்டாம்."

நான் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் முன்ரூமில் மிஷின் நின்றது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டதுபோல ஒரு கூச்சம். வெளியாள் முன்னால் மகன் துணியில்லாமல் நின்றால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. "தூக்கம் கெட்டுக் கெடக்கான் தம்பி, அதான்" என்று அம்மா நிரஞ்சனிடம் சொன்னாள். அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பாப்போம்."

ஆக, கற்றுக்கொண்டுவிட்டார். சர்வே எடுத்ததில் அவருக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான். அதை முதலில் என்மேல் பயன்படுத்தினார். அந்தச் சொல்லுக்குப் பதில் கிடையாது.

"இடத்தப் பாத்தரலாமுங்களா?" என்று நிரஞ்சன் எழுந்தான்.

முன்ரூம் என்று நாங்கள் சொல்வது திருச்சுழி ரோட்டைப் பார்த்த அறை; அப்பா பார்த்துவைத்திருந்த இடமும் அதுதான். அதை எங்கள் வீட்டில் யாரும் கடை என்று சொல்ல மாட்டோம். ரோட்டுப் பக்கம் ஷட்டர். வீட்டுப் பக்கம் ஒரு மரக்கதவு. அதில் பழைய பூட்டு ஒன்று பதித்திருக்கிறது. வீட்டுக்குள்ளேயே எதற்குப் பூட்டு என்று யாரும் பூட்டியதில்லை. சாவி மட்டும் கத்தரிக்கோல் தொங்கும் ஆணியில் தொங்குகிறது. அங்கேதான் பியூலா ஜாக்கெட்டும் நைட்டியும் தைக்கிறாள். கட்டிக்கொடுத்த சாத்தூரிலிருந்து அவள் திரும்பி வந்தபோது கொண்டுவந்தது ஒரு பெட்டியும் அந்த மிஷினும்தான். அத்தான் சாத்தூரிலேயே இருக்கிறார். அவ்வப்போது போன் செய்து, வந்தால் வரட்டும் என்று அம்மாவிடம் சொல்வார். அம்மாவும் அதை அக்காவிடம் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அக்கா, கையில் ஆர்டர் இருக்கிறது, முடித்துக் கொடுக்க வேண்டும் என்பாள். அந்த அறை இருக்கும்வரை அவளுக்கு அந்தப் பதில் இருக்கும். மிஷினைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் என்றால் குளியலறைக்குப் பக்கத்தில். அப்பா பேப்பர் படிக்கிற, நான் பகலில் தூங்குகிற இடத்தைத் தாண்டி எந்தப் பெண் அளவு கொடுக்க வருவாள்?

நாங்கள் உள்ளே போனபோது அவள் தலையைத் தூக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்கத் துணிப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் பெயர். நிரஞ்சன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான், அதைச் சொல்ல வேண்டும். சுற்றிப் பார்த்தான். மூலையில் பெண்கள் போட்டுப் பார்ப்பதற்காகத் தொங்கும் திரையை விலக்கினான். "ஓவன் இங்க கரெக்டா உக்காருங்க" என்றான். தன் சட்டை, பேன்ட் பைகளைத் தடவிப் பார்த்தான். டேப்பைக் காரிலேயே வைத்துவிட்டிருந்தான். பியூலாவின் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைப் பார்த்து, "சிஸ்டர், கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்று கேட்டான்.

அவள் கழற்றிக் கொடுத்தாள்.

ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார். சுவருக்குச் சுவர் அளந்தார்கள். டேப் எட்டவில்லை. அது முடிந்த இடத்தில் அப்பா விரலை வைத்து அடையாளம் பிடிக்க, நிரஞ்சன் அங்கிருந்து மறுபடி அளந்தான். இடையில் இருந்த மிஷின் இடித்தது. அப்பா அதை ஒரு சாண் நகர்த்தினார். மேலே கிடந்த ஜாக்கெட் கீழே விழுந்தது. பியூலா குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் கதவருகே நின்றேன். என்னவோ செய்ய வேண்டும்போல இருந்தது. என் கைகள் பாக்கெட்டுக்குள் இருந்தன.

அளந்து முடித்து நிரஞ்சன் போனில் குறித்துக்கொண்டான். பிறகு அவளிடம், எல்லோரிடமும் பேசுவதுபோலவே மரியாதையாகக் கேட்டான்: "நீங்க எப்பங்க ஒதுக்கித் தருவீங்க சிஸ்டர்? கல்யாண சீசன் முடிஞ்சதும் சரியா இருக்குமுங்களா?"

பியூலா பல்லில் கடித்திருந்த நூலை அறுத்தாள். முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். சிரித்தமுகமாகத்தான் இருந்தாள்.

"பாப்போம்" என்றாள்.

நிரஞ்சனின் கட்டைவிரல் போனில் எதையோ அழுத்தியது. அப்பாவின் முகம் மலர்ந்தது. சற்றுமுன் தானே எனக்குச் சொன்ன சொல்லை மகள் வாயில் கேட்டபோது அவருக்கு அது பழையபடி நேர் அர்த்தத்திலேயே கேட்டது. அம்மா மட்டும் ஒரு கணம் பியூலாவைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுக்கப் போய்விட்டாள். "அவ சரின்னுட்டா" என்று அப்பா நிரஞ்சனைக் கார் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் அவர் குரல் கேட்டது. இந்தத் தெருவில் யார் யார் வீட்டில் எத்தனை தறி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டேப் மிஷின்மேல் கிடந்தது. அதை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மிஷினைத் தொடையால் முட்டிப் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

"அக்கா, நான் அங்கயே சொன்னேன்" என்றேன். "எல்லாருக்கும் முன்னாடி வேணாம்னு சொன்னேன்."

"கேட்டுச்சு."

"அப்பா கேக்கல. நான் என்ன செய்ய?"

"ஏலே நவீனு," என்றாள், "நீ ஒனக்கு வேணாம்னு சொன்ன. எங் கடையப் பத்தி ஒரு வார்த்த வந்துச்சா ஒன் வாயில?"

கடை என்று அந்த வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். நான் நின்ற இடம் கதவு சாத்துவதற்கு இடைஞ்சலாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் வெளியே வந்தேன்.

உள்ளேயிருந்து கதவைச் சாத்தினாள். பூட்டுக்குள் சாவி நுழைந்தது, ஆனால் திரும்பவில்லை. துரு. இரண்டு முறை முயன்றாள். திறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மிஷின் டிராயரை இழுக்கும் சத்தம் வந்தது. எண்ணெய்க் கேனின் அடித்தகடு டொக், டொக் என்றது. கதவுக்குக் கீழே வழிந்து வந்த ஒரு சொட்டு என் காலருகே தரையில் பரவியது. பிறகு சாவி திரும்பியது.